இரட்டை ஸ்ட்ரோலர் வாங்கும் முன் வாசல் கதவை அளந்து பாருங்கள்

சிங்கப்பூரில், செங்காங்கில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். ஒன்பதாவது மாடி வீடு, கார் இல்லை. மூத்தவனுக்கு இரண்டு வயது நான்கு மாதம், சின்னவளுக்கு நான்கு மாதம். மதியம் மாமியார்தான் சின்னவளையும் எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் நடந்து போய் மூத்தவனைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டி வருகிறார். வாரக் கடைசியில் குடும்பமாக எம்ஆர்டி ரயிலில் தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா. "இருப்பதிலேயே எடை குறைந்த இரட்டை ஸ்ட்ரோலர் எது? 600 வெள்ளிக்குள் கிடைக்குமா? பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது நல்லதா, முன்னும் பின்னுமாகவா?" இதுதான் கேள்வி.

தங்கச்சி, குழந்தைப் பொருள் விற்கும் கடை ஒன்றில் நான் ஆறு ஆண்டு வேலை பார்த்திருக்கிறேன். என் இரண்டு பிள்ளைகளுக்கும் இருபத்தொரு மாதம்தான் இடைவெளி. கடைக்கு வருகிற பெற்றோர் முதலில் கேட்பது எடையைத்தான். நானும் அப்படித்தான் கேட்டு வாங்கினேன். இப்போது யாராவது கேட்டால், எடையைக் கடைசியில் பார்க்கலாம், முதலில் வாசல் கதவை அளந்துவிட்டு வாருங்கள் என்பேன்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூத்தவன் 13 கிலோ, சின்னவள் 6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 9 கிலோ வண்டி வாங்கினால் மாமியார் தள்ளுவது மொத்தம் 28 கிலோ. 13 கிலோ வண்டி என்றால் 32. சமதரையில், நல்ல சக்கரத்தில், இந்த நான்கு கிலோ வித்தியாசம் கைக்குப் பெரிதாகத் தெரியாது. வண்டியின் எடை உடம்புக்குத் தெரிவது தூக்கும்போதுதான். உங்கள் நாளில் அதைத் தூக்குகிற இடங்களை எண்ணிப் பாருங்கள். வீட்டு வாசலில் மின்தூக்கி இருக்கிறது. கீழ்த்தளத்தில் சரிவுப் பாதை இருக்கிறது. நடைபாதையும் பெரும்பாலும் வழவழப்பாகவே இருக்கும். 2013இல் தொடங்கிய வாக்2ரைட் திட்டத்துக்குப் பிறகு எம்ஆர்டி நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை கூரை போட்ட நடைபாதை நிறைய வந்துவிட்டது. ஆக, அன்றாடப் பள்ளி நடையில் உங்கள் மாமியார் வண்டியைத் தூக்க வேண்டியதே இல்லை. டாக்சியில் ஏற்றும்போதும், படி இருக்கிற ஒரு கடைக்குள் போகும்போதும்தான் தூக்கப் போகிறீர்கள். அது வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இருக்கலாம். அதற்காக மட்டும் மிக மெல்லிய சட்டம் போட்ட வண்டியை வாங்கினால், மீதி நாளெல்லாம் திருப்பத்தில் அது நெளிவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். எடையைக் குறைப்பவர்கள் குழாயின் தடிமனிலும் சக்கரத்தின் அளவிலும்தான் கை வைக்கிறார்கள்.

ரொம்பக் கனமானதும் வேண்டாம். பேபி ஜாகர் நிறுவனத்தின் சிட்டி மினி ஜிடி2 இரட்டை வண்டி போன்றவை 16 கிலோ அளவில் இருக்கும். ஓட்டத்துக்கு அருமையானவை. ஆனால் கார் இல்லாத வீட்டில், அறுபது வயதைத் தொடும் ஒருவர் தனியாகக் கையாள அது பெரிது. 9இலிருந்து 11 கிலோ வரை பாருங்கள். அந்த எடையில் 600 வெள்ளிக்குள் நல்ல வண்டிகள் கிடைக்கும்.

இப்போது கதவு. நான் வாங்கிய முதல் இரட்டை வண்டி 76 சென்டிமீட்டர் அகலம். "எல்லா வீவக கதவிலும் போகும்" என்று, அரசு அடுக்குமாடி வீடுகளைத்தான் சொல்கிறார், விற்றவர் உறுதியாகச் சொன்னார். மின்தூக்கியில் தாராளமாகப் போனது, கீழே எங்கும் பிரச்சினை இல்லை. என் வீட்டு இரும்புக் கேட்டில் மட்டும் போகவில்லை. மரக்கதவு அகலமானதுதான். ஆனால் கேட் சுவரோடு ஒட்டித் திறக்காது, பின்னால் காலணி அலமாரி இருந்தது. கேட்டின் தடிமனும் கைப்பிடியும் சேர்ந்து எனக்குக் கிடைத்த இடைவெளி 73தான். அலமாரியை நகர்த்தினேன், ஒரு சென்டிமீட்டர்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை, கேட்டின் கீல் அப்படி. எட்டு மாதம், ஒவ்வொரு நாளும், ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை "அங்கேயே நில்லுமா" என்று சுவரோரம் நிறுத்திவிட்டு, நடைவழியில் வண்டியை மடித்தேன், விரித்தேன். அந்த எட்டு மாதத்தை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அதனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பழைய அட்டைப்பெட்டியிலிருந்து 76 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். அதைக் கையில் கிடையாகப் பிடித்துக்கொண்டு மாமியார் மதியம் போகிற வழியிலேயே நீங்களும் ஒருமுறை போய்வாருங்கள்: வீட்டு கேட், மின்தூக்கி வாசல், கீழே தூண்களுக்கு நடுவே இருக்கும் வழி, பாலர் பள்ளியின் கேட், வழக்கமாகப் போகும் கிளினிக்கின் கண்ணாடிக் கதவு. எங்கே இடிக்கிறதோ அங்கே நின்று உண்மையான இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த அளவில் மிகச் சிறியதிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டரைக் கழியுங்கள், தள்ளுபவரின் கை சுவரில் உரசாமல் இருக்க. வண்டியின் அகலம் அதற்குள் இருக்க வேண்டும். வண்டியை அளக்கும்போது பின்சக்கரத்தின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளக்க வேண்டும். சிலவற்றில் மேற்கூரையின் கீல் சக்கரத்தைவிட வெளியே துருத்தும்.

இணையத்தில் விற்பனைப் பக்கங்களைப் பார்த்தால் பல இரட்டை வண்டிகளில் "டிஸ்னி அளவு" என்று போட்டிருக்கும். அமெரிக்காவிலுள்ள டிஸ்னி பூங்காக்கள் 2019 மே மாதத்திலிருந்து 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்கு மேற்பட்ட வண்டிகளை உள்ளே விடுவதில்லை. அதைத்தான் சொல்கிறார்கள். 31 அங்குலம் என்றால் 79 சென்டிமீட்டர். அது பூங்கா வாசலுக்குப் போட்ட அளவு. அதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டு வாசலிலும் நுழையும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது, பக்கத்தில் பக்கத்திலா, முன்னும் பின்னுமா. முன்பின் வண்டி ஒற்றை வண்டி அளவுக்கே அகலம், பெரும்பாலும் 50இலிருந்து 65 சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும், அநேகமாக எந்தக் கதவிலும் நுழையும். கேட்டவுடன் அதுதான் நல்லது என்று தோன்றும். ஆனால் நீளம் ஒரு மீட்டரைத் தாண்டும். நடைபாதை விளிம்பில் ஏற்ற வேண்டுமென்றால் கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும். முன்னிருக்கையில் 13 கிலோ பையன் உட்கார்ந்திருந்தால் அந்தக் கனம் கைப்பிடியிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு அது தண்டனை. மின்தூக்கிக்குள் நேராகப் போனால் பின்னுக்கு இழுத்துத்தான் வெளியே வர வேண்டும், உள்ளே திருப்ப இடம் இருக்காது. பின்னிருக்கை பெரும்பாலும் தாழ்வாக, முன்னிருக்கையின் முதுகுக்குக் கீழே இருக்கும். முன்னால் இருப்பவன் தூங்கிச் சாய்ந்தால் பின்னால் இருப்பவளின் முகத்துக்கு மேலேயே துணி வந்துவிடும். காற்றோட்டமும் குறையும். நம் ஊர் வெயிலில் அது சின்ன விஷயமில்லை.

பக்கத்து இருக்கை வண்டியில் இரண்டு பேருக்கும் ஒரே காற்று, ஒரே காட்சி. கைப்பிடியை அழுத்தினால் முன்சக்கரம் லேசாகத் தூக்கிக்கொள்ளும். நீளம் குறைவு என்பதால் மின்தூக்கிக்குள் திருப்பவும் முடியும். இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று அகலம், அதைப் பேசிவிட்டோம். இன்னொன்று, ஒரு பக்கம் 13 கிலோ, மறு பக்கம் 6 கிலோ என்றால் வண்டி கனமான பக்கத்துக்கு இழுக்கும். சட்டம் மெலிதாக இருந்தால் இந்த இழுப்பு அதிகம் தெரியும். ஒரே நீளக் கைப்பிடி உள்ளதா என்று பாருங்கள். குடை போல இரண்டு தனிக் கைப்பிடி உள்ள வண்டிகள் எடை குறைவாக இருக்கும், ஆனால் ஒரு கையால் தள்ளவே முடியாது. மழையில் குடை பிடிக்க வேண்டும், கைபேசியை எடுக்க வேண்டும், மூத்தவன் இறங்கி நடந்தால் அவன் கையைப் பிடிக்க வேண்டும். மாமியாருக்கு ஒரு கை எப்போதும் வேண்டியிருக்கும்.

அந்த இரண்டு மூன்று சென்டிமீட்டரைக் கழித்த பிறகும் கேட்டில் 75க்கு மேல் இடம் இருந்தால் பக்கத்து இருக்கை வண்டியே என் தேர்வு. 70க்குக் கீழே என்றால் வேறு வழியில்லை, முன்பின் வண்டிதான். நடுவில் இருந்தால் 70ஐ ஒட்டிய அகலத்தில் ஒன்றைத் தேட வேண்டும். கிடைக்கும், ஆனால் இருக்கை ஒவ்வொன்றும் குறுகலாக இருக்கும், மூன்று வயதுப் பிள்ளைக்குத் தோள் இடிக்கலாம். மூத்தவனை உட்காரவைத்துப் பார்க்காமல் அதை வாங்காதீர்கள்.

சின்னவளைப் பற்றி ஒன்று. நான்கு மாதக் குழந்தையால் இன்னும் தானாக நிமிர்ந்து உட்கார முடியாது. நிமிர்ந்த இருக்கையில் தூங்கிவிட்டால் தலை முன்னால் தொங்கி மூச்சுக்குழாய் மடங்கும் ஆபத்து இருக்கிறது. எடை குறைந்த வண்டிகளில் பலவற்றின் இருக்கை "சாயும்" என்று போட்டிருந்தாலும் தட்டையாகப் போகாது. ஆறு மாதத்திலிருந்துதான் உட்காரவைக்கலாம் என்று கையேட்டில் இருக்கும். பெட்டியின் மேல் போட்டிருப்பதை விட்டுவிட்டுக் கையேட்டைத் திறந்து படியுங்கள். தட்டையாகச் சாயும் இருக்கை கிடைக்கவில்லை என்றால் இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள். அதுவரை சின்னவள் மார்போடு கட்டும் கேரியரில், மூத்தவன் பழைய ஒற்றை வண்டியில் போகட்டும். அதே கையேட்டில் ஒரு இருக்கைக்கு எத்தனை கிலோ வரை என்பதையும் பாருங்கள். 15 கிலோ என்று இருந்தால் மூத்தவன் சீக்கிரமே தாண்டிவிடுவான். 22 கிலோ வரை தாங்கும் வண்டிகள் இருக்கின்றன.

ஒற்றை வண்டியின் பின்னால் மாட்டி, பெரிய பிள்ளை நிற்பதற்கென்று ஒரு பலகை விற்கிறார்கள். அதுவே போதாதா என்று சிலர் கேட்பார்கள். இடைவெளி மூன்று வயது என்றால் போதும், நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்கள் மூத்தவனோ மதியம், பள்ளி விட்டு வரும் நேரத்தில், தூக்கக் கண்ணோடு வருகிறவன். தூங்குகிற பிள்ளை பலகையில் நிற்காது.

பேருந்து பற்றிக் கொஞ்சம். 2017 ஏப்ரலிலிருந்து பிள்ளை உட்கார்ந்தபடியே ஸ்ட்ரோலரை மடிக்காமல் பொதுப் பேருந்தில் ஏற்றலாம். ஆனால் அந்த இடத்தில் சக்கர நாற்காலிக்குத்தான் முன்னுரிமை. இரட்டை வண்டியோடு பேருந்துக்குப் போகிறீர்கள் என்றால் மடிக்கத் தயாராகவே போங்கள். இரண்டு பிள்ளைகளோடு ஒருவர் தனியாக அதைச் செய்ய முடியாது, மாமியாரை அப்படி அனுப்ப வேண்டாம். எம்ஆர்டியில் அகலக் கட்டண வாயில் இருக்கிறது, மின்தூக்கி இருக்கிறது. மின்தூக்கி எந்த வெளிவாயில் பக்கம் வருகிறது என்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நகரும் படிக்கட்டில் ஸ்ட்ரோலரை ஏற்றவே ஏற்றாதீர்கள், எவ்வளவு அவசரமானாலும். டாக்சியில் மடித்த வண்டி பின்பெட்டியில் போக வேண்டும். 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகளுக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம். டாக்சிக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு, தனியார் வாடகை காருக்குக் கிடையாது. அதனால் அவசரத்துக்கு நீங்கள் கூப்பிடப் போவது டாக்சியைத்தான். மடித்த அளவு தட்டையாக இருந்தால் ஓட்டுநர் முகம் சுளிக்காமல் ஏற்றிக்கொள்வார்.

வெயிலுக்கு வருவோம். வண்டிக்கு மேல் உலர்ந்த துணியைப் போர்த்துவது நம்மவர்களிடம் ரொம்பச் சாதாரணம், என் அம்மாவும் செய்வார். 2023இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உலர்ந்த மெல்லிய துணியைப் போர்த்தியபோது வண்டிக்குள் வெப்பம் 2 டிகிரிக்கு மேல் கூடியது. துணியை நனைத்துப் போட்டு, சிறு விசிறியும் வைத்தபோது 4 டிகிரிக்கு மேல் குறைந்தது. நம் காற்றில் ஈரம் அதிகம், நனைத்த துணி அந்த அளவுக்குக் குளிர்விக்காது. எப்படியானாலும் உலர்ந்த துணியைப் போர்த்துவதை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பதிலாக இரண்டு இருக்கைக்கும் தனித்தனியாக இழுத்துவிடக்கூடிய நீளக் கூரையும், முதுகுப்பக்கம் வலைத்துணியும் உள்ள வண்டியைத் தேடுங்கள். மழை உறை அந்த வண்டிக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும், இரட்டை வண்டிக்குப் பொது உறை சரியாக உட்காராது. அப்புறம் பூஞ்சணம். நனைந்த வண்டியை மடித்துச் சாமான் அறையில் வைத்தால் சில நாளில் துணியில் கரும்புள்ளி வந்துவிடும். துணியைக் கழற்றித் துவைக்க முடிகிறதா என்று கடையிலேயே கழற்றிப் பாருங்கள். திரும்ப மாட்டத் தெரியாமல் விற்பனையாளரே தடுமாறினால் அந்த வண்டி வேண்டாம்.

மடிக்கும் கீலில் கவனம். 2009 நவம்பரில் மாக்லாரன் என்ற ஸ்ட்ரோலர் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. விரிக்கும்போது பக்கவாட்டுக் கீலில் குழந்தைகளின் விரல் மாட்டி, 12 குழந்தைகளுக்கு விரல்நுனி துண்டானதாகப் புகார் வந்திருந்தது. இரட்டை வண்டிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. கீலுக்கு மேல் மாட்ட உறை கொடுத்தார்கள். இரட்டை வண்டி வைத்திருக்கும் வீட்டில், விரிக்கும்போது பக்கத்தில் ஒரு பிள்ளை கட்டாயம் நின்றுகொண்டிருக்கும். அதனால் கீல் மூடியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். யார் விரித்தாலும், மூத்தவன் தன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு விளையாட்டுப் பழக்குங்கள். என் பெரியவள் இப்படித்தான் பழகினாள். வண்டியைப் பார்த்தாலே கை தானாகத் தலைக்குப் போகும்.

கடையில் சோதிப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். மாமியாரைக் கூட்டிப் போங்கள், தள்ளப் போவது அவர். 10 கிலோ அரிசிப் பை ஒன்றும் 5 கிலோ பை ஒன்றும் எடுத்துப் போங்கள், கடைக்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒரு இருக்கையில் பத்து, மறு இருக்கையில் ஐந்து வைத்து வாரைப் பூட்டிவிட்டு, மாமியார் ஒரே கையால் எட்டு போடுவதுபோல் வளைத்து ஓட்டட்டும். பிறகு பிரேக்கைக் காலால் ஒரே அழுத்தில் போடச் சொல்லுங்கள், செருப்புக் காலோடு. பிறகு அரிசியை இறக்கிவிட்டு, சின்னவளை அவர் இடுப்பில் கொடுத்து, மீதிக் கையால் வண்டியை மடிக்கச் சொல்லுங்கள். மூன்றும் முடிந்தால் அதன்பிறகு விலையைக் கேளுங்கள். இணையத்தில் பத்து விமர்சனம் படிப்பதைவிட இந்தப் பத்து நிமிடத்தில் நிறையத் தெரிந்துவிடும்.

கைப்பிடியில் பால்பை, காய்கறிப் பை மாட்டும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே தவிருங்கள். எடை குறைந்த வண்டியில், மூத்தவன் இறங்கிய அடுத்த நொடி அது பின்பக்கம் சாய்ந்துவிடும். சாமான் கீழ்க்கூடையில்தான் போக வேண்டும். அந்தக் கூடைக்கு இருக்கை சாய்ந்திருக்கும்போதும் கை போகிறதா என்று பாருங்கள்.

பழைய பொருள் விற்கும் கேரோசல் இணையத்தளத்தில் வண்டி வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். இரட்டை வண்டியின் காலம் குறைவு, ஒன்றரை வருடத்தில் விற்றுவிடுகிறார்கள், பாதி விலைக்குக் கீழேகூடப் பார்த்திருக்கிறேன். முன்சக்கரம் ஆடுகிறதா, பிரேக் இரண்டு சக்கரத்தையும் பிடிக்கிறதா, ஐந்து முனை வார் முழுதாக இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். மாடல் எண்ணைக் கேட்டு, திரும்ப அழைக்கப்பட்ட வண்டியா என்று தேடிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் வண்டியை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். பொது நடைவழியில் 1.2 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று குடிமைத் தற்காப்புப் படை சொல்கிறது. குறுகலான நடைவழி என்றால் விரித்த இரட்டை வண்டியை அங்கே விட முடியாது. மடித்த நிலையில் தானாக நிற்கிற வண்டி என்றால் கதவுக்குப் பின்னாலேயே வைத்துவிடலாம்.

தேக்காவுக்கு மட்டும் இரட்டை வண்டியை எடுத்துப் போகாதீர்கள். செங்காங்கிலிருந்து லிட்டில் இந்தியா வரை ரயில் மாறாமல் போய்விடலாம், அதுவரை சுகம்தான். வெளியே வந்ததும் கடைவரிசை நடைபாதையில் கடைக்குக் கடை தரை உயரம் மாறும், பூக்கடைப் பலகை நீட்டிக்கொண்டிருக்கும், சந்தைத் தரை ஈரமாக இருக்கும். ஞாயிறு மாலையில் தனியாக நடக்கவே இடம் கிடைக்காது. அன்றைக்கு நீங்கள் இரண்டு பெரியவர்கள் இருக்கிறீர்கள். சின்னவள் அப்பாவின் மார்பில், மூத்தவன் ஒற்றை வண்டியில். கோயிலுக்குள் போகும்போது அதை மடித்துத் தோளில் மாட்டிக்கொள்ளலாம்.

கேட்டின் இடைவெளியையும் பாலர் பள்ளிக் கதவின் இடைவெளியையும் அளந்து எழுதுங்கள், மாமியாரின் உயரமும் சேர்த்து. கைப்பிடி உயரம் அவருக்குப் பொருந்த வேண்டும். அந்த மூன்று எண்ணும் கிடைத்தால், எந்தெந்த வண்டியைப் போய்ப் பார்க்கலாம் என்று பெயரோடு சொல்கிறேன்.